ஸ்பாக்கா, சிட்டியா, தலைக்கவசக்காரரா? டர்பன் வீடுகளில் ஓயாத அழகு வழக்கு

டர்பனில் ஒரு தமிழ்க் குடும்பம் கூடியிருக்கும்போது, பிரியாணி அண்டா இறங்கக் காத்திருக்கும் நேரத்தில், இந்தக் கேள்வியைப் போட்டுப் பாருங்கள்: விண்வெளிப் படம், ரோபோ படம், காலப்பயணப் படம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் யார் ரொம்ப அழகு? பதில் வந்த மறுநொடியே சொன்னவருக்கு என்ன வயது என்று கணித்துவிடலாம். எழுபதை நெருங்கும் பெரியம்மா ஸ்டீவ் ஆஸ்டின் என்பார். அவருடைய மகள் ஹாரிசன் ஃபோர்டுக்கும் கியானு ரீவ்ஸுக்கும் நடுவில் தடுமாறுவார். பேத்தி, முகத்தையே காட்டாத ஒருவரின் பெயரைச் சொல்வாள். "சிட்டி இருக்கும்போது வேற யாரு?" என்று மாமா ஒருவர் நடுவில் புகுவார். அப்புறம் சாப்பாடு வரும்வரை ஓயாது.

வெட்டிப் பேச்சுதான். ஆனாலும் இந்த வெட்டிப் பேச்சுக்குப் பின்னால் ஒரு நாட்டின் சரித்திரம் இருக்கிறது. யார் நமக்கு அழகாகத் தெரிகிறார் என்பதில் கண்ணுக்குப் பங்கு குறைவு. யாரை நமக்குக் காட்டினார்கள், எந்த வயதில் காட்டினார்கள், எத்தனை முறை காட்டினார்கள் என்பதே பெரும்பங்கு. மற்ற நாடுகளில் இதைப் பெரும்பாலும் சந்தை தீர்மானித்தது. தென்னாப்பிரிக்காவில் பல காலம் அரசாங்கமும், கடல்கடந்த ஒரு நடிகர் சங்கமும், டப்பிங் ஸ்டூடியோக்களும் தீர்மானித்தன.

முதலில் டிவி. தென்னாப்பிரிக்கா முழுவதற்குமான டிவி ஒளிபரப்பு தொடங்கியது 1976 ஜனவரி 5ஆம் தேதிதான். பணமில்லாததால் வந்த தாமதம் இல்லை இது. அறுபதுகளில் அஞ்சல் தந்தித் துறை அமைச்சராக இருந்த ஆல்பர்ட் ஹெர்ட்ஸாக், டிவி வந்தால் வெளிநாட்டுச் சரக்கு வீட்டுக்குள் நுழையும், ஆங்கிலம் மேலோங்கும், இனக்கலப்பு சகஜமாகத் தெரியும் என்று அஞ்சி அதைத் தடுத்தே வைத்திருந்தார். 1969 ஜூலையில் நீல் ஆர்ம்ஸ்ட்ராங் நிலாவில் காலடி வைத்ததை உலகம் வீட்டில் உட்கார்ந்து பார்த்தபோது, இந்த நாட்டுக்காரர்கள் வானொலியில் கேட்டார்கள். ஜொகன்னஸ்பர்க் கோளரங்கத்தில் பிறகு அந்தப் படச்சுருளைத் திரையிட்டபோது கூட்டம் வரிசை கட்டி நின்றது.

நிஜ விண்வெளி வீரருக்கே அந்தக் கதி என்றால் கற்பனை வீரர்களைக் கேட்க வேண்டுமா? ஆகவே அந்தத் தலைமுறைக்கு நாயகன் என்றால் முதலில் ஒரு குரல். ஸ்பிரிங்போக் வானொலி 1971 முதல் 1973 வரை 'தி அவெஞ்சர்ஸ்' தொடரை நாடகமாக ஒலிபரப்பியது. இன்றைய பிள்ளைகளுக்குத் தெரிந்த மார்வெல் கூட்டம் இல்லை இது. கொலைகார ரோபோக்களும் விசித்திர இயந்திரங்களும் எட்டிப்பார்க்கும் பிரிட்டிஷ் உளவுத் தொடர். பிரிட்டனில் அதன் நாயகி எம்மா பீல் என்றால் டயானா ரிக்கின் கண்ணும் கறுப்புத் தோலுடையும். இங்கே எம்மா பீல் என்றால் டயேன் ஆப்பிள்பியின் குரல். நாயகன் ஸ்டீட் என்றால் டோனால்ட் மோனாட்டின் குரல். குரலை மட்டும் கேட்டு முகத்தைத் தாங்களே கட்டிக்கொண்டவர்கள், பின்னாளில் நிஜமான முகத்தைப் படத்தில் பார்த்து "இவரா?" என்று உதட்டைப் பிதுக்கினால் அதில் அதிசயம் என்ன?

டிவி வந்த பிறகும் எல்லாரும் வந்துவிடவில்லை. இனவெறி ஆட்சியை எதிர்த்து, பிரிட்டிஷ் நடிகர் சங்கமான ஈக்விட்டி தன் உறுப்பினர்கள் நடித்த நிகழ்ச்சிகளைத் தென்னாப்பிரிக்காவுக்கு விற்பதை எழுபதுகளின் நடுவிலிருந்து தடுத்தது. நியாயமான தடைதான். அதன் பக்கவிளைவு நம் கதைக்கு முக்கியம்: திரையில் பிரிட்டிஷ் முகங்கள் அருகின, அமெரிக்க முகங்கள் பெருகின. பிரிட்டனில் ஒரு தலைமுறையே 'எந்த டாக்டர் அழகு?' என்று ஒரே வேடத்தில் நடிகர்கள் மாறி மாறி வரும் காலப்பயணத் தொடரான டாக்டர் ஹூவை வைத்து அடித்துக்கொண்டது. டர்பனின் இந்தியர் குடியிருப்புகளான சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ அறுபது வயதுக்காரரிடம் அதைக் கேட்டால் "எந்த ஆஸ்பத்திரி டாக்டர்?" என்பார். அவருடைய மகளோ அந்த டாக்டர்களில் ஒருவரான டேவிட் டென்னன்டுக்காக யாரோடும் மல்லுக்கு நிற்பாள்.

அந்தக் காலத்தில் கிடைத்தவற்றுள் இரண்டைச் சொல்ல வேண்டும். நிலா தன் பாதையை விட்டு விலகி அண்டவெளியில் அலையும் 'ஸ்பேஸ்: 1999', ஆஃப்ரிகான்ஸ் மொழியில் டப் ஆகி 'ஆல்ஃபா 1999' என்ற பெயரில் வந்தது. 'தி சிக்ஸ் மில்லியன் டாலர் மேன்' தொடரையும் ஆஃப்ரிகான்ஸில்தான் பேச வைத்தார்கள். நம் பெரியம்மா சொல்லும் ஸ்டீவ் ஆஸ்டின் அதில் வருகிறவர். சோதனை விமானம் நொறுங்கி, ஒரு கை, இரண்டு கால், ஒரு கண் ஆகியவற்றுக்குப் பதில் இயந்திர உறுப்பு பொருத்தப்பட்ட விண்வெளி வீரர். நடித்தவர் லீ மேஜர்ஸ்.

அவர் ஏன் இத்தனை பேர் மனதில் ஒட்டிக்கொண்டார் என்பதற்கு நான் சொல்லும் காரணம் கொஞ்சம் தொழில்நுட்பமானது. கதைப்படி அவர் காரைவிட வேகமாக ஓடுவார். அதை எழுபதுகளின் டிவி தயாரிப்புச் செலவில் எப்படிக் காட்டுவது? வேகமாக ஓட்டிக் காட்டினால் சிரிப்புப் படம் மாதிரி ஆகிவிடும். எனவே ஸ்லோ மோஷனில் காட்டி, கூடவே ஒரு உலோகச் சத்தத்தைச் சேர்த்தார்கள். விளைவு என்னவென்றால், உலகிலேயே வேகமான மனிதரின் முகத்தை வாரா வாரம் நிதானமாக, முடி பறக்க, தாடை அசைய, பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஒரு முகம் மனதில் பதிவதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு வேண்டுமா?

உளவியலாளர் ராபர்ட் ஸயொன்ஸ் 1968இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பொருந்தும். அர்த்தமில்லாத சொற்கள், சீன எழுத்து போன்ற கிறுக்கல்கள், முன்பின் தெரியாதவர்களின் புகைப்படங்கள் ஆகியவற்றைச் சிலவற்றை அதிகமாகவும் சிலவற்றைக் குறைவாகவும் காட்டினார். அடிக்கடி பார்த்தது எதுவோ அதுவே மக்களுக்குப் பிடித்துப்போனது. ஒரே ஒரு சானல், அதுவும் பாதி நேரம் ஆங்கிலம், பாதி நேரம் ஆஃப்ரிகான்ஸ் என்று இருந்த நாட்டில், நாடே ஒரே ஆளைத் திரும்பத் திரும்பப் பார்த்தது. மாற்றிப் பார்க்க வேறு பொத்தான் இல்லை.

இதில் ஒரு கசப்பும் இருக்கிறது. டிவி வந்த அதே 1976இல், ஜூன் 16ஆம் தேதி, பள்ளிகளில் ஆஃப்ரிகான்ஸைத் திணித்ததை எதிர்த்து, ஜொகன்னஸ்பர்க்கை ஒட்டிய கறுப்பினக் குடியிருப்பான சொவேட்டோவின் மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள், போலீஸ் சுட்டது. அந்த மொழியையே நட்சத்திரங்களுக்கு நடுவில் திரியும் வீரர்களும் பேசினார்கள். டர்பன் இந்தியர்கள் பெரும்பாலும் ஆங்கிலம் பேசுகிறவர்கள். ஆஃப்ரிகான்ஸ் அவர்களுக்குப் பள்ளிப் பாடம். 1986இல் ரேடியோ 2000 வந்து, டப் ஆன நிகழ்ச்சிகளின் அசல் ஒலியை அதே நேரத்தில் வானொலியில் தந்தது. டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, பக்கத்தில் ரேடியோவை வைத்துப் பார்த்த காலம் அது. ஒரே முகத்துக்கு இரண்டு குரல். எந்தக் குரலோடு பழகினார்களோ அந்தக் குரல்தான் இன்றும் 'அவருடைய' குரல். ஆஃப்ரிகான்ஸ் குரலே கம்பீரம் என்று அடித்துச் சொல்லும் சித்தப்பாக்கள் உண்டு. அரசியலில் அவர்கள் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பது வேறு கதை.

சரி, வழக்கின் நடுப்புள்ளிக்கு வருவோம். உலகம் முழுக்க இந்த விவாதத்தில் அடிக்கடி ஜெயிப்பவர் கப்பல் தலைவர் இல்லை, அவர் பக்கத்தில் நிற்கும் வேற்றுக்கிரகவாசி. இதற்கு முதல் சாட்சி ஸ்பாக்.

1966இல் ஸ்டார் ட்ரெக் தொடங்கியபோது நாயகன் என்று நிறுத்தப்பட்டவர் வில்லியம் ஷாட்னரின் கேப்டன் கிர்க். லெனார்ட் நிமோயின் ஸ்பாக், கூர்மையான காதும் மேலேறிய புருவமுமாய்ப் பார்க்கப் பிசாசு மாதிரி இருக்கிறாரே, மக்கள் முகம் சுளிப்பார்களே என்று தொடரை ஒளிபரப்பிய என்பிசி நிறுவனம் கவலைப்பட்டது. விளம்பரக் கையேட்டில் அவருடைய காதையும் புருவத்தையும் சாதாரண மனிதர் போலத் திருத்தியே அச்சிட்டார்கள். தொடர் ஓடத் தொடங்கியதும் ரசிகைகளின் கடிதங்கள் மூட்டை மூட்டையாக வந்தன, ஸ்பாக்கின் பெயருக்கு. மறைத்து வைத்த அந்தக் காதுதான் அவர்களுக்குப் பிடித்திருந்தது.

அறிவியல் எழுத்தாளர் ஐசக் அசிமோவுக்கே இது புதிராகி, 1967 ஏப்ரலில் டிவி கைடு இதழில் ஒரு கட்டுரை எழுதினார். ஸ்பாக் கனவுக் கண்ணனாம், சொன்னது அவருடைய மகள். அறிவாளியாக இருப்பதும் பெண்களுக்குக் கவர்ச்சி என்பது தனக்கு முன்பே தெரியாமல் போயிற்றே என்று வேடிக்கையாகப் புலம்பினார் அசிமோவ். நல்ல கட்டுரை, ஆனால் பாதிதான் சரி என்பேன். அறிவு மட்டும் போதுமென்றால் எல்லா விஞ்ஞானிக் கதாபாத்திரங்களும் ஜெயித்திருக்க வேண்டுமே. ஸ்பாக்கிடம் இன்னொன்று இருந்தது. அப்பா வல்கன் கிரகத்தவர், அம்மா பூமியைச் சேர்ந்த மனுஷி. உள்ளே உணர்ச்சி இருக்கிறது, வெளியே காட்டமாட்டார். இரண்டு உலகத்துக்கும் சொந்தம், இரண்டிலும் முழுதாக ஒட்டவில்லை.

இந்த நாட்டில் அதைப் பார்க்கிற கண்ணே வேறு. 1950இன் மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் ஒவ்வொருவரையும் ஓர் இனப் பெட்டிக்குள் போட்டது. அந்தப் பெட்டிக்கேற்ப எங்கே குடியிருக்கலாம், எந்தக் கடற்கரையில் குளிக்கலாம், எந்தத் திரையரங்குக்குப் போகலாம் என்பதெல்லாம் முடிவானது. டர்பனின் கேட்டோ மேனரிலிருந்தும் மேகசின் பேரக்ஸிலிருந்தும் ஆட்களைப் பெயர்த்துச் சாட்ஸ்வர்த்தில் கொண்டுபோய் இறக்கினார்கள். 'நீ எந்த வகை?' என்று கேட்டுக்கொண்டே இருக்கும் ஊரில், எந்த வகையிலும் அடங்காத ஒருவர் விண்கலத்தில் தலைவருக்கு அடுத்த அதிகாரியாக நிற்கிறார். அவரைப் பிடிக்காமல் போகுமா?

அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1968 நவம்பர் 22ஆம் தேதி வெள்ளைக்காரரான கிர்க்கும், கறுப்பின நடிகை நிஷெல் நிக்கல்ஸின் உஹுராவும் முத்தமிட்டார்கள். அங்கேயே அது பெரிய விஷயமாகப் பேசப்பட்டது. இங்கே அப்போது டிவியே இல்லை. இருந்திருந்தாலும் அந்தக் காட்சி வந்திருக்காது. நிஜ வாழ்க்கையில் அப்படி இருவர் காதலித்தால் ஒழுக்கக்கேட்டுச் சட்டத்தில் பிடித்து உள்ளே போட்டிருப்பார்கள். வெள்ளையரும் மற்றவரும் மணக்கத் தடைவிதித்த சட்டமும் அதுவும் 1985இல்தான் போயின. ஆகவே அந்தக் காலத்துப் பெண் ஒருவர், திரையில் தெரிந்த வெள்ளைக்கார நடிகரை 'அழகு' என்று வீட்டில் வாய்விட்டுச் சொன்னதில் ஒரு துணிச்சலும் கலந்திருந்தது. வேற்றுக்கிரகவாசியைச் சொன்னால் சிக்கல் குறைவு. காது கூராக இருக்கிறவரைச் சட்டம் எந்தப் பெட்டியில் போடும்?

முக அழகைப் பற்றி இன்னொரு ஆய்வு இருக்கிறது. ஜூடித் லாங்லாயும் லோரி ராக்மனும் 1990இல், பல முகங்களைக் கணினியில் ஒன்றாகக் கலந்து சராசரி முகம் ஒன்றை உருவாக்கினார்கள். அந்தச் சராசரி முகம், அதில் கலந்த தனி முகங்களில் பெரும்பாலானவற்றைவிட அழகு என்று பார்த்தவர்கள் மதிப்பெண் போட்டார்கள். அதை நம்பினால் ஸ்பாக் தோற்றிருக்க வேண்டும். ஆய்வில் தவறில்லை. புகைப்படத்தில் முகம் மட்டும் இருக்கிறது, கதை இல்லை, அவ்வளவுதான். நாயகன் கதைக்குள் நிற்கிறார், அதுவும் எந்நேரமும் ஆபத்தில். டட்டனும் ஆரனும் 1974இல் கனடாவில் நடத்திய சோதனையில், ஆடும் தொங்குபாலத்தைக் கடந்த ஆண்கள், உறுதியான பாலத்தைக் கடந்தவர்களைவிட அதிகமாக, நடுவில் கேள்வி கேட்ட பெண்ணைப் பிறகு தொலைபேசியில் அழைத்தார்கள். பயத்தில் அடித்துக்கொண்ட நெஞ்சை ஈர்ப்பு என்று எடுத்துக்கொண்டார்கள் என்பது அவர்களின் விளக்கம். விண்கலம் வெடிக்க இன்னும் பத்து நொடி என்ற நிலையில் வியர்த்த முகத்தோடு நிற்கும் எவருக்கும் அந்தச் சலுகை கிடைத்துவிடுகிறது.

ஹாரிசன் ஃபோர்டுக்கு அந்தச் சலுகை நிறையக் கிடைத்தது. ஆனால் எண்பதுகளில் வளர்ந்த அக்காக்கள் அவரைத் தூக்கிவைத்துப் பேசுவது ஒரே ஒரு வார்த்தைக்காக. 1980இல் வந்த இரண்டாவது ஸ்டார் வார்ஸ் படத்தில், இளவரசி லேயா "உன்னைக் காதலிக்கிறேன்" என்கிறாள். ஃபோர்டின் ஹான் சோலோ "தெரியும்" என்கிறார். எழுதிவைத்திருந்த வசனம் அது இல்லை, படப்பிடிப்பில் இயக்குநரோடு பேசிப் பிறந்தது. ரஜினி படம் பார்த்து வளர்ந்த வீட்டுக்கு இந்த மாதிரி ஒற்றை வார்த்தைப் பதில் புதிதா என்ன?

அடுத்து, நம் நிறத்து முகங்கள். இங்கேதான் விவாதம் சூடாகும், கொஞ்சம் வருத்தமும் கலக்கும். ஸ்டார் ட்ரெக்கில் கான் நூனியன் சிங் என்று ஒருவர் வருகிறார். பெயரைப் பார்த்தால் வட இந்தியர். 1967இலும் 1982இலும் அந்த வேடத்தில் நடித்தவர் மெக்சிகோக்காரரான ரிக்கார்டோ மொன்டல்பான். 2013இல் அதே வேடம் பெனடிக்ட் கம்பர்பேட்சுக்குப் போனது. மொன்டல்பானின் திறந்த மார்பைப் பற்றி அத்தைகள் இன்னும் பேசுகிறார்கள், அதை மறுக்க முடியாது. ஆனாலும் ஒரு சிங்குக்கு ஒரு சிங் கிடைக்கவில்லையா என்ற கேள்வி போகவில்லை. 1979இன் ஸ்டார் ட்ரெக் படத்தில், 1965இல் மிஸ் இந்தியா பட்டம் வென்ற பெர்சிஸ் கம்பாட்டா, தலையை முழுக்க மழித்துக்கொண்டு ஐலியாவாக நடித்தார். நேர்த்திக்கடனுக்கு மொட்டை போடும் வீட்டுப் பெண்களுக்கு அதில் அதிர்ச்சி குறைவு, பெருமை அதிகம்.

2006இல் தொடங்கிய 'ஹீரோஸ்' தொடரில் சென்னையிலிருந்து வரும் மரபணு ஆய்வாளராக செந்தில் ராமமூர்த்தி நடித்தார். சுருள்முடி, தாடி, ஆழமான குரல். எங்கள் பக்கத்துப் பெண்கள் பலர் அவருக்கு அப்போதே ஓட்டுப் போட்டுவிட்டார்கள். கதாபாத்திரத்தின் பெயர்தான் மொஹிந்தர் சுரேஷ். சென்னைக்காரருக்கு மொஹிந்தர்! நடிகரின் சொந்தப் பெயரையே வைத்திருந்தால் எவ்வளவு பொருத்தமாக இருந்திருக்கும். இதற்கு நேர் எதிர், 2015இல் ஜொகன்னஸ்பர்க்கில் எடுத்த 'சாப்பி'. ரோபோவைப் படைக்கும் இளைஞராகத் தேவ் படேல். பெயர் டீயன் வில்சன். வெளிநாட்டு ரசிகர்களுக்கு அந்தப் பெயர் விசித்திரம். டர்பனில் யாரும் கண்ணைக்கூட இமைக்கவில்லை. கிறிஸ்தவத் தமிழ் வீடுகளில் டீயனும் டெரிக்கும் ஏராளம். அதே படத்தில் ஹியூ ஜாக்மன் பின்னால் நீண்ட முடியும் அரைக்கால் சட்டையுமாக வில்லனாக வருகிறார். அழகரை வேண்டுமென்றே அசிங்கப்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு அது பாடம்: மீசைவைத்த மாமாக்கள் தவிர யாரும் ரசிக்கவில்லை.

தமிழ்ப் படங்களுக்கு வருவோம். இங்கே தமிழ் பேசுவது குறைந்துவிட்டது என்பது தெரிந்ததே. 1860இல் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்தவர்களின் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் இன்று ஆங்கிலத்தில்தான் சண்டை போடுகிறார்கள். முறைப்பெயர்களும் சாப்பாட்டுச் சொற்களும் சாமி பாட்டும் தமிழ். சினிமா அந்த இடைவெளியை ஓரளவு அடைத்தது. அவலோன், ஷா ஜஹான் போன்ற டர்பன் திரையரங்குகளின் காலத்திலிருந்து இன்றைய சப்டைட்டில் காலம்வரை எம்.ஜி.ஆரும் சிவாஜியும் ரஜினியும் கமலும் வீட்டு ஆட்கள் மாதிரி.

விண்வெளி விஷயத்தில் நாம் ஒன்றும் பின்தங்கியவர்கள் இல்லை. 1963இலேயே 'கலை அரசி' வந்துவிட்டது. வேற்றுக்கிரகத்தார் தங்களுக்கு இசை கற்பிக்கப் பூமியிலிருந்து பானுமதியைக் கடத்திப்போக, எம்.ஜி.ஆர். விண்வெளிக்குப் போகிறார். ஸ்டார் ட்ரெக்குக்கு மூன்று ஆண்டு மூத்த படம். தாத்தாக்கள் இதைச் சொல்லிக் காட்டும்போது குரலில் வரும் கர்வத்தைக் கேட்க வேண்டும்.

'எந்திரன்' 2010 அக்டோபரில் வந்தபோது ரஜினிக்கு 59 வயது. படத்தில் மூன்று ரஜினிகள் என்றே சொல்லலாம்: தாடி வைத்த விஞ்ஞானி வசீகரன், அப்பாவி சிட்டி, சிவப்புச் சில்லு ஏறிய கெட்ட சிட்டி. பெயரிலேயே வசீகரம் இருந்தும் வசீகரனுக்கு இந்த விவாதத்தில் ஓட்டு விழுவதில்லை. நல்ல சிட்டிக்குக் குழந்தைகளின் ஓட்டு. மிச்சமெல்லாம் கெட்ட சிட்டிக்கு. கூட்டத்தில் ஒளிந்திருக்கும் வசீகரனைக் கண்டுபிடிக்க 'மே...' என்று ஆட்டுக் குரல் எழுப்பும் அந்த ஒரு காட்சியில் ரஜினி தன் பழைய வில்லத்தனத்தையெல்லாம் எடுத்து விரித்துவிட்டார். ஆடையில் ஒரு பங்கு, ஹாலிவுட்டின் 'மென் இன் பிளாக்' படத்துக்கு உடையமைத்த மேரி வோட்டுக்கும் சேரும். கதையே நமக்குச் சாட்சி சொல்கிறது பாருங்கள்: மனிதர் தோற்கிறார், மனிதர் மாதிரி இருக்கும் இயந்திரம் ஜெயிக்கிறது, அந்த இயந்திரம் கெட்டுப்போனதும் இன்னும் அழகாகிறது. '24' படத்தில் சூர்யாவுக்கு மூன்று வேடம். சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் வில்லன் ஆத்ரேயாவைத்தான் என் தலைமுறைப் பெண்கள் தேர்ந்தெடுக்கிறார்கள், கடிகாரக்காரப் பையனை இல்லை.

மனிதரும் இயந்திரமும் கலந்த உருவம் என்றால், இந்த மண்ணிலிருந்தே ஒருவர் போயிருக்கிறார். 1996இல் வந்த 'ஸ்டார் ட்ரெக்: ஃபர்ஸ்ட் கான்டாக்ட்' படத்தில் போர்க் என்ற பாதி இயந்திரக் கூட்டத்தின் ராணியாக நடித்த அலீஸ் கிரீகா, வடக்கு கேப்பில் உள்ள அப்பிங்டனில் பிறந்தவர். தலையும் தோளும் மட்டும் மேலிருந்து இறங்கி உடலோடு பொருந்தும் அறிமுகக் காட்சி, சாம்பல் பூத்த ஈரத் தோல், தலையில் குழாய்கள். அருவருப்பாக இருக்க வேண்டும். ஆனால் அவர் ஆண்ட்ராய்டு டேட்டாவின் கையில் ஒட்டிய தோலில் மெதுவாக ஊதுகிறபோது அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் பெனோனியில் பிறந்த சார்லீஸ் தெரன். பக்கத்து நாடான நமீபியாவின் பாலைவனத்தில் படமாகி 2015இல் வந்த 'மேட் மேக்ஸ்: ஃபியூரி ரோடு' படத்தில், மழித்த தலை, ஒரு கை, நெற்றியில் கறுப்பு எண்ணெய் என்று ஃபியூரியோசாவாக வந்தார். அலங்காரமெல்லாம் கழன்ற பிறகும் கண் அவரை விட்டு நகரவில்லை.

நீல் பிளோம்காம்பின் 'டிஸ்ட்ரிக்ட் 9' (2009) இன்னொரு வகை. சொவேட்டோவின் சியாவெலோவில் எடுத்த படம். ஆஸ்கரில் சிறந்த படம் உட்பட நான்கு பரிந்துரைகள். ஷார்ல்டோ கோப்லியின் விகஸ், வேற்றுக்கிரகவாசிகளைக் குடிசைகளிலிருந்து காலிசெய்யக் கையெழுத்து வாங்க அலையும் அரசு ஊழியர் மாதிரியான ஆள். மீசை, ஸ்வெட்டர், அசட்டுச் சிரிப்பு. படம் தொடங்கும்போது அவருக்கு யாரும் ஓட்டுப் போடமாட்டார்கள். வீட்டுக் கதவைத் தட்டிக் காகிதத்தை நீட்டும் அப்படியொரு ஆளைச் சாட்ஸ்வர்த்தில் பல குடும்பங்களுக்கு நேரிலேயே தெரியும். அவர் உடல் கொஞ்சம் கொஞ்சமாக வேற்றுக்கிரக உடலாக மாற மாறத்தான் நமக்கு அவர்மேல் பிரியம் வருகிறது. இதை 'அழகு' கணக்கில் சேர்க்கலாமா என்று வீட்டில் இன்னும் தீர்ப்பாகவில்லை. சேர்க்கலாம் என்பது என் கட்சி.

கடைசியாக, முகமே காட்டாதவர்கள். கேப் டவுனிலும் ஜொகன்னஸ்பர்க்கிலும் எடுத்த 'டிரெட்' (2012) படத்தில் கார்ல் அர்பன் ஒரு காட்சியில்கூடத் தலைக்கவசத்தைக் கழற்றவில்லை. தெரிவது தாடை மட்டும். அந்தத் தாடைக்கே தனி ரசிகர் கூட்டம். 2019இல் தொடங்கிய ஸ்டார் வார்ஸ் தொடர் 'தி மாண்டலோரியன்' இன்னும் ஒரு படி மேலே போனது, அதன் நாயகனுக்கு ஓரிரு காட்சிகள் தவிர தாடையும் இல்லை. டிஸ்னி பிளஸ் 2022 மே மாதம் தென்னாப்பிரிக்காவுக்கு வந்ததிலிருந்து எங்கள் வீட்டுப் பிள்ளைகளின் ஓட்டு மொத்தமும் அந்த இரும்புத் தலைக்குத்தான். "மூஞ்சியே தெரியாம எப்படிடி அழகுன்னு சொல்ற?" என்று கேட்கும் பெரியம்மா, தான் ஒரு காலத்தில் ரேடியோப் பெட்டிக்குள் இருந்த ஸ்டீடை நேசித்ததை வசதியாக மறந்துவிடுகிறார்.

அந்த ஓட்டிலும் ஒரு சட்டச் சிக்கல் உண்டு. குரல் பெத்ரோ பாஸ்கலுடையது. கவசத்துக்குள் பல காட்சிகளில் நடந்தவர் ஜான் வெய்னின் பேரனான பிரெண்டன் வெய்ன். சண்டைகளில் பலவற்றைப் போட்டவர் லத்தீஃப் கிரவுடர். அப்படியென்றால் அழகர் யார்? என் மருமகள் குரலுக்கே ஓட்டு என்கிறாள். கராத்தே வகுப்பு நடத்தும் அத்தான் கிரவுடர் பக்கம். வெய்னுக்கு இதுவரை ஆதரவாளர் யாரும் கிடைக்கவில்லை.